குட்டி விமானத்தில் ஒரு தேசம்: எங்கெங்கே இறங்கலாம்?

நியூயார்க்கில் காலைச் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு ஜெட் விமானத்தில் ஏறினால், மதியச் சாப்பாட்டுக்கு லாஸ் ஏஞ்சலஸில் இறங்கிவிடலாம். ஏறக்குறைய ஆறு மணி நேரப் பயணம். அதில் மூன்று மணி நேரத்தை இரண்டு ஊர்க் கடிகாரங்களுக்கும் உள்ள வித்தியாசமே திருப்பிக் கொடுத்துவிடும். இடையில் ஒரு தேசமே கீழே விரிந்து கிடக்கிறது. ஆனால் பயணிகளில் பாதிப் பேர் ஜன்னலை மூடிவிட்டுத் தூங்குகிறார்கள். மீதிப் பேர் சினிமா பார்க்கிறார்கள்.

அதே தூரத்தை, நான்கு பேர் மட்டுமே உட்காரக்கூடிய ஒற்றை இன்ஜின் விமானத்தில் தாங்களே ஓட்டிக்கொண்டு கடக்கிறவர்களும் அமெரிக்காவில் உண்டு. விடுமுறைக்குக் காரை எடுத்துக்கொண்டு கிளம்புவதைப் போல, கணவன், மனைவி, ஒரு பிள்ளை என்று கிளம்பிவிடுகிறார்கள். ஒரு வாரத்தில் போய்ச் சேரலாம். இரண்டு வாரமும் ஆகலாம். எத்தனை நாள் என்பது அவர்கள் கையில் இல்லை, வானிலையின் கையில் இருக்கிறது. அவர்கள் கையில் இருப்பது ஒன்றுதான்: வழியில் எங்கெங்கே இறங்குவது?

கேட்பதற்கு உல்லாசமான கேள்வி. ஆனால் இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. சிறிய விமானங்களின் சரித்திரத்தைப் புரட்டினால், இன்ஜின் கோளாறைப் போலவே அவசரமும் பலரைக் காவு வாங்கியிருப்பது தெரியும். எப்படியாவது இன்றே போய்விட வேண்டும் என்ற பிடிவாதத்துக்கு விமானிகளே வைத்திருக்கும் கேலிப் பெயர், 'போய்ச் சேரும் வியாதி'. வழியில் ஆசையோடு இறங்குவதற்குச் சில இடங்களைக் குறித்து வைப்பதுதான் அந்த வியாதிக்கு நல்ல மருந்து.

முதல் ஆள், எழுபது இறக்கம்

அமெரிக்காவை முதன்முதலில் விமானத்தில் குறுக்கே கடந்தவர் கால் ரோஜர்ஸ். 1911 செப்டம்பர் 17 அன்று நியூயார்க்கின் ஷீப்ஸ்ஹெட் பேயிலிருந்து கிளம்பினார். 30 நாட்களுக்குள் கடந்தால் 50,000 டாலர் பரிசு என்று பத்திரிகை அதிபர் ஹர்ஸ்ட் அறிவித்திருந்தார். ரோஜர்ஸ் விமானம் ஓட்டக் கற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தன. காதும் சரியாகக் கேட்காது. விமானத்துக்கு 'வின் ஃபிஸ்' என்று பெயர். அது செலவை ஏற்றுக்கொண்ட நிறுவனத்தின் திராட்சைச் சுவை சோடாவின் பெயர்!

கீழே தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே மேலே அவர் பறந்தார். தண்டவாளத்தில் ஒரு தனி ரயில் கூடவே வந்தது. அதில் அவருடைய மனைவியும் அம்மாவும் இருந்தார்கள். பழுது பார்க்கும் ஆட்களும், ஒரு விமானத்தையே மறுபடி கட்டும் அளவுக்கு உதிரி பாகங்களும் இருந்தன. எல்லாமே தேவைப்பட்டன. ஏறக்குறைய எழுபது இடங்களில் அவர் இறங்கினார். அவற்றில் பத்துக்கும் மேற்பட்டவை இறங்கியதாகச் சொல்ல முடியாதவை, விழுந்தவை.

பரிசுக்கான கெடு முடிந்தபோது அவர் நடுவழியில்தான் இருந்தார். ஒரு டாலர்கூடக் கிடைக்காது என்று தெரிந்த பிறகும் பயணத்தைத் தொடர்ந்தார். 49 நாட்கள் கழித்து, நவம்பர் 5 அன்று கலிபோர்னியாவின் பாசடீனாவில் இறங்கியபோது ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டு வரவேற்றார்கள். உண்மையில் அவர் காற்றில் இருந்த நேரம் மூன்றரை நாளுக்குள் அடங்கிவிடும். மீதி நாட்களெல்லாம் காத்திருந்ததும், கட்டுப்போட்டுக்கொண்டதும், விமானத்தை ஒட்டவைத்ததும்தான். அந்த விமானம் இன்றும் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இன்று விமானம் ஒட்டுப்போடும் நிலையில் இல்லை. ஆனால் காத்திருக்க வேண்டிய அவசியம் மட்டும் அப்படியே இருக்கிறது.

டாங்க் தாங்கும், வயிறு தாங்குமா?

உலகத்திலேயே மிக அதிகமாகத் தயாரிக்கப்பட்ட விமானம் செஸ்னா 172. 1956-லிருந்து 44,000-க்கும் மேல் செய்திருக்கிறார்கள். மணிக்குச் சுமார் 220 கி.மீ. வேகம். டாங்கில் ஏறக்குறைய 200 லிட்டர் பெட்ரோல் பிடிக்கும். விமானப் பெட்ரோல் நீல நிறத்தில் இருக்கும். வேறு எண்ணெயோடு குழம்பிவிடக் கூடாதே என்று சாயம் சேர்க்கிறார்கள். மணிக்கு 35 லிட்டர் செலவானாலும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் தாங்கும். பகலில் போய்ச் சேரும் இடத்துக்கு மேல் இன்னும் அரை மணி நேரம் பறக்கும் அளவுக்குப் பெட்ரோல் மிச்சம் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு மணி நேரத்துக்கு இருக்கட்டும் என்பது அனுபவசாலிகளின் வழக்கம்.

ஆனால் செஸ்னாவில் கழிப்பறை கிடையாது! எனவே ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதைத் தீர்மானிப்பது டாங்க் அல்ல, பயணம் செய்கிறவர்களின் வயிறு. இரண்டு, இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்குவது என்று வைத்துக்கொண்டால் எல்லாருக்கும் நிம்மதி. அப்படிப் பார்த்தால் ஒரு தாவலுக்கு 400 முதல் 500 கி.மீ. வரும். கிழக்கேயிருந்து மேற்கே போகிறவர்களுக்குப் பெரும்பாலும் எதிர்க்காற்று என்பதால் அதிலும் கொஞ்சம் குறையும்.

எடைக் கணக்கு இன்னொன்று. இருக்கை நான்கு இருக்கிறது என்பதற்காக நான்கு பெரியவர்கள், நான்கு பெட்டிகள், நிறையப் பெட்ரோல் என்று ஏற்றிவிட முடியாது. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றைக் குறைக்க வேண்டும். அம்மாவின் இரண்டாவது பெட்டியா, அரை மணி நேரப் பெட்ரோலா என்ற கேள்வி வரும்போது, வீட்டில் எவ்வளவு சண்டை வந்தாலும் பெட்ரோல்தான் ஜெயிக்க வேண்டும்.

திட்டம் போடும் முறை எளிது. விமானிகளுக்கான வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது ஐந்து கிலோமீட்டர். புறப்படும் ஊரையும் சேரும் ஊரையும் இணைத்து ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் பார்க்க வேண்டிய இடங்களுக்கு ஒரு வட்டம். வட்டத்துக்கு அருகில் ஓடுபாதை இருக்கிறதா, பெட்ரோல் இருக்கிறதா, இரவு தங்க அறை இருக்கிறதா? இருந்தால் அது ஒரு இறக்கம். பிறகு ஒவ்வொரு இறக்கத்துக்கும், அங்கே போக முடியாவிட்டால் எங்கே போவது என்று ஒரு மாற்று ஊர். நாளுக்கு இரண்டு தாவல், அதுவும் முற்பகலுக்குள். கடைசியாக, மூன்று நாளுக்கு ஒரு நாள் எதுவும் எழுதாமல் காலியாக விட வேண்டும். திட்டத்தில் மிக முக்கியமான நாள் அதுதான்.

ஆற்றின் மேல் ஒரு சாலை

கிழக்குக் கரையிலிருந்து கிளம்புகிறவர் ஹட்சன் நதியை விடுவாரா? நியூயார்க்கைச் சுற்றியிருக்கும் பெரிய விமான நிலையங்களின் பரபரப்புக்கு நடுவில், நதிக்கு மேலே 1,300 அடிக்குக் கீழே சிறிய விமானங்களுக்கென்று ஒரு வழி விட்டிருக்கிறார்கள். தெற்கே போகிறவர் மேற்குக் கரையை ஒட்டிப் போக வேண்டும். இடது பக்கம் மன்ஹாட்டன் முழுசும் வரிசையாக நிற்கும். ஒன் வேர்ல்ட் டிரேட் சென்டரின் உச்சி 1,776 அடி. அதாவது, பக்கத்தில் பறந்து போகும் விமானம் அண்ணாந்து பார்க்க வேண்டிய கட்டடம்! கொஞ்ச தூரத்தில் சுதந்திர தேவி சிலை.

2009 ஆகஸ்ட் 8 அன்று இதே நதியின் மேல் ஒரு சிறிய விமானமும் சுற்றுலா ஹெலிகாப்டரும் மோதி ஒன்பது பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் விதிகள் இறுகின. சாலையைப் போலவே வலது பக்கம்தான் போக வேண்டும். வேகம் 140 நாட்டுக்குள், அதாவது மணிக்கு 260 கி.மீ.க்குள் இருக்க வேண்டும். குறிப்பிட்ட பாலங்களையும் இடங்களையும் தாண்டும்போது, தான் யார், எங்கே, எந்த உயரத்தில், எந்தத் திசையில் என்று ரேடியோவில் உரக்கச் சொல்ல வேண்டும். அழகான இடம் என்றால் அங்கே வேறு ஆளும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு வருவார் என்பதை மறக்கக் கூடாது. அதனால் ஓட்டுகிறவர் வேடிக்கை பார்ப்பதில்லை. படம் எடுக்கும் வேலை பக்கத்து இருக்கைக்கு.

மணலில் நான்கு கற்கள்

தெற்கே கடற்கரையை ஒட்டியே போனால் வட கரோலினாவில் கில் டெவில் ஹில்ஸ். 1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்கள் பறந்த இடம். அதை ஒட்டியே 3,000 அடி நீளத்தில் ஒரு ஓடுபாதை இருக்கிறது. பெயரே 'முதல் பறப்பு விமான நிலையம்'. பெட்ரோல் கிடைக்காது, வேறெங்காவது நிரப்பிக்கொண்டு வர வேண்டும். இறங்கி நடந்தால் அன்றைய நான்கு பறத்தல்களும் முடிந்த இடங்களில் அடையாளக் கற்கள். முதல் கல் 120 அடியில்; அது 12 விநாடி. நான்காவது கல் 852 அடியில். அது 59 விநாடி. ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு நடக்கும் பிள்ளைகளுக்கு, ஒரே நாளில் மனிதன் எவ்வளவு கற்றுக்கொண்டான் என்பதைத் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

அங்கிருந்து வடமேற்கே அப்பலேச்சியன் மலைகளைத் தாண்டினால் ஒஹையோ மாநிலத்தின் டேட்டன். ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை வைத்திருந்த ஊர். அமெரிக்க விமானப் படையின் தேசிய அருங்காட்சியகமும் அங்கேதான். 350-க்கும் மேற்பட்ட விமானங்களும் ஏவுகணைகளும் இருக்கின்றன. அனுமதி இலவசம். மழை பிடித்துக்கொண்டால் இரண்டு நாள்கூட அலுக்காமல் சுற்றலாம். இறங்கும் ஊரைத் தேர்ந்தெடுப்பதில் இது ஒரு சூட்சுமம்: வெயிலில் மட்டுமல்ல, மழையிலும் பொழுது போகிற ஊராக இருக்க வேண்டும். பொழுது போகாத ஊரில் மாட்டிக்கொண்டவருக்குத்தான் கருமேகம்கூட வெளுப்பாகத் தெரியும்.

சமவெளியில் ஒரு கடன் கார்

மேற்கே செயின்ட் லூயிஸ். மிசிசிப்பிக் கரையில் 630 அடி உயர வளைவு. நகரத்துக்குக் கொஞ்சம் வடக்கே மிசிசிப்பியும் மிசௌரியும் கலக்கும் இடம். அதைத் தாண்டினால் கான்சஸ் சமவெளி. சலிப்பூட்டும் ஊர் என்று ஜெட் பயணிகள் சொல்வார்கள். 4,500 அடியிலிருந்து பார்க்கிறவர்கள் அப்படிச் சொல்வதில்லை. நிலத்தை ஒரு மைலுக்கு ஒரு மைல் என்று சதுரம் சதுரமாக அளந்து, வடக்கு-தெற்காகவும் கிழக்கு-மேற்காகவும் சாலை போட்டிருக்கிறார்கள். திசைகாட்டியே இல்லாவிட்டாலும் கீழே பார்த்துத் திசை பிடிக்கலாம். சதுரங்களுக்குள் பச்சை வட்டங்கள். நடுவில் ஒரு முனையை வைத்து, நீளமான தண்ணீர்க் குழாய் சக்கரத்தில் சுற்றிச் சுற்றிப் பாய்ச்சுவதால் பயிரே வட்டமாக வளர்கிறது. ஒவ்வொரு வட்டமும் அரை மைலுக்கு அரை மைல்.

அமெரிக்காவில் பொதுமக்கள் இறங்கக்கூடிய விமான நிலையங்கள் ஐயாயிரம் அளவுக்கு இருக்கின்றன. பெரும்பாலானவற்றைப் பார்த்தால் விமான நிலையம் என்றே தோன்றாது. ஒரு ஓடுபாதை, ஒரு தகரக் கொட்டகை, அட்டையைச் செருகினால் தானே ஊற்றிக்கொள்ளும் பெட்ரோல் பம்பு, காபி மெஷின். பல இடங்களில் ஆளே இருக்கமாட்டார்கள். ஆனால் சாவியோடு ஒரு பழைய கார் நிற்கும். இறங்குகிற விமானிகள் எடுத்துக்கொண்டு ஊருக்குள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். வாடகை கிடையாது, திரும்பும்போது கொஞ்சம் பெட்ரோல் போட்டு வைப்பதுதான் மரியாதை. எங்கே பர்கர் நன்றாக இருக்கும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். பறந்துபோன செலவையும் சேர்த்தால் அதற்கு 'நூறு டாலர் பர்கர்' என்று பெயர்!

முதல் நாள் மாலை அங்கே ஒரு போன் போட்டு, பம்பு வேலை செய்கிறதா, கார் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. வரைபடத்தில் இருக்கும் பெட்ரோலை டாங்கில் ஊற்ற முடியாது.

மலை முன்னால் மரியாதை

சமவெளி முடிந்ததும் தரை மெல்ல மெல்ல மேலே ஏறி வருகிறது. விமானம் அதே உயரத்தில் போய்க்கொண்டிருக்க, நிலம் கிட்டே வந்துவிடும். இங்கேதான் சிறிய விமானத்தின் பலம் தெரிந்துவிடும்.

உயரம் கூடக் கூடக் காற்று மெலியும். வெயில் ஏறினால் இன்னும் மெலியும். கடல் மட்டத்திலிருந்து 6,000 அடி உயரத்தில் இருக்கும் ஓடுபாதையில் 30 டிகிரி வெயில் அடித்தால், விமானத்துக்கு அது 9,000 அடிக்கு மேலே நிற்பது மாதிரி. இறக்கைக்குப் பிடிப்பு குறையும், இன்ஜினுக்கு மூச்சு குறையும். காலை எட்டு மணிக்குச் சுலபமாகக் கிளம்பிய அதே விமானம், மதியம் இரண்டு மணிக்கு ஓடுபாதை முடிந்த பிறகும் தரையை விட்டு எழும்பத் தயங்கும். பிற்பகலில் இடியும் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் மலை நாட்டில் காலையில் மட்டும் பறத்தல். மதியத்துக்கு மேல் ஊர் சுற்றல். 12,500 அடிக்கு மேல் அரை மணி நேரத்தைத் தாண்டினால் விமானிக்கு ஆக்சிஜன் கட்டாயம் என்ற விதியும் இருக்கிறது.

ராக்கி மலைகளை நேராக மோதிக் கடக்காமல், தெற்கே டெக்சஸ் வழியாகச் சுற்றிப் போகிறவர்கள் நிறைய. 1966 கோடையில் அந்த வழியில் போனவர்கள் கெர்ன் பக், ரிங்கர் பக் என்ற சகோதரர்கள். அண்ணனுக்கு 17 வயது, தம்பிக்கு 15. பனிக்காலம் முழுவதும் நியூஜெர்சியில் தங்கள் வீட்டுக் கொட்டகையில் வைத்துப் பழுது பார்த்த பழைய பைப்பர் கப் விமானம். 85 குதிரைச் சக்தி. ரேடியோ கிடையாது. பாலைவனத்தில் இறங்க நேர்ந்தால் குடிக்கத் தண்ணீர்ப் பை ஒன்று கட்டாயம் வேண்டும் என்று அப்பா பிடிவாதம் பிடித்தார். அந்தப் பைக்காகப் பையன்கள் பட்ட பாடு தனிக் கதை. டெக்சஸின் மிக உயர்ந்த சிகரமான குவாடலூப், 8,751 அடி. அதை ஒட்டிய கணவாயை அந்தக் குட்டி இன்ஜினோடு முக்கி முனகிக் கடந்து, ஆறு நாளில் கலிபோர்னியா போய்ச் சேர்ந்தார்கள். தம்பி பின்னாளில் எழுத்தாளரானார். இந்தப் பயணத்தையே புத்தகமாக எழுதினார்.

செயென்னில் ஒரு காலை

எல்லாப் பயணமும் இப்படி முடிவதில்லை. 1996 ஏப்ரலில் ஜெசிகா டுப்ராஃப் என்ற ஏழு வயதுச் சிறுமி, அப்பாவோடும் விமானப் பயிற்சியாளரோடும் கலிபோர்னியாவிலிருந்து கிழக்கு நோக்கிக் கிளம்பினாள். நாட்டைக் கடந்த மிக இளைய 'விமானி' என்று பெயர் வாங்கித் தருவதுதான் நோக்கம். உண்மையில் விமானத்துக்குப் பொறுப்பாளர் பயிற்சியாளர்தான். எட்டு நாளில் போய்த் திரும்புவதாகத் திட்டம். போகிற ஊரிலெல்லாம் டி.வி. கேமராக்களும் பேட்டிகளும் காத்திருந்தன.

முதல் நாள் இரவு வயோமிங் மாநிலத்தின் செயென்னில் தங்கினார்கள். கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் உயரமுள்ள ஊர். மறுநாள், ஏப்ரல் 11 காலை, மழையும் இடியும் நெருங்கிக்கொண்டிருந்தன. அப்படியும் கிளம்பினார்கள். எழும்பிய சிறிது நேரத்திலேயே விமானம் விழுந்தது. மூன்று பேரும் இறந்தார்கள்.

விசாரணை நடத்திய தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் காரணங்களை அடுக்கியது: மோசமாகிக்கொண்டிருந்த வானிலையில் கிளம்பும் முடிவு, அனுமதித்ததைவிடக் கூடுதல் எடை, உயரமான ஊரின் மெலிந்த காற்று. அதோடு இன்னொன்றையும் குறிப்பிட்டது. ஊடகங்களுக்குக் கொடுத்த வாக்கினால் நெருக்கமாகிப்போன பயண அட்டவணை, அதைத் தவறவிடக் கூடாதே என்ற விருப்பம். அந்த ஆண்டே, சாதனைக்காகக் குழந்தைகளை விமானம் ஓட்டவைப்பதைத் தடுக்கச் சட்டம் வந்தது.

கணக்கில் வராமல் போனது ஒரே ஒரு காலி நாள். செயென்னில் இன்னொரு ராத்திரி தங்கியிருந்தால் தவறிப்போயிருக்கக் கூடியது ஒரு பேட்டி மட்டும்தான். பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சொல்லிவைத்தது தரையில் நடக்கிறவர்களுக்கு. காற்றில் போகிறவர்களுக்கு அது பழமொழியோடு நின்றுவிடுவதில்லை.

பாலைவனத்தில் அம்புக்குறிகள்

மறுபடி தெற்கு வழிக்கு வந்தால் நியூ மெக்சிகோ. அங்கே தரையில் இன்றும் சில கான்கிரீட் அம்புக்குறிகளைப் பார்க்கலாம். 1920-களில் தபால் கொண்டுபோன விமானிகளுக்கு வழிகாட்டப் போட்டவை. எழுபது அடி வரை நீளம். மஞ்சள் வண்ணம் அடித்து, பக்கத்தில் விளக்குக் கோபுரம் வைத்திருந்தார்கள். ஒரு கோபுரத்திலிருந்து அடுத்தது ஏறக்குறைய பத்து மைல். இரண்டாம் உலகப் போரின்போது கோபுரங்களில் பலவற்றை இரும்புக்காகக் கழற்றிவிட்டார்கள், அம்புகள் மிஞ்சின. நியூ மெக்சிகோவின் கிராண்ட்ஸ் ஊரில், விமான நிலையத்திலேயே இதற்கென்று ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. பெட்ரோல் போடுகிற இடைவெளியில் பார்த்துவிடலாம்.

அரிசோனாவில் வின்ஸ்லோ. அட்லாண்டிக்கைத் தனியாகப் பறந்து கடந்த லிண்ட்பெர்க் 1929-ல் திட்டமிட்டுக் கொடுத்த விமான நிலையம். அதற்கு அருகில் ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்த பள்ளம்: 1.2 கி.மீ. அகலம், 170 மீட்டர் ஆழம். விளிம்பில் நிற்கிறவருக்கு அது ஒரு பெரிய குழி. மேலிருந்து பார்க்கிறவருக்கோ, சமதரையில் யாரோ கட்டைவிரலால் அழுத்தியது மாதிரி இருக்கும்.

பிறகு கிராண்ட் கேன்யன். 446 கி.மீ. நீளம், ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் ஆழம். இறங்கிப் போய் பாறைகளுக்கு நடுவே பறக்கலாமா? கூடாது. 1986 ஜூன் 18 அன்று இங்கே சுற்றுலா விமானமும் ஹெலிகாப்டரும் மோதி 25 பேர் இறந்தார்கள். இப்போது சிறிய விமானங்கள் குறுக்கே கடப்பதற்கு என்று குறிப்பிட்ட வழிகளும், போகும் திசைக்கு ஏற்ற உயரங்களும் இருக்கின்றன. எல்லாமே பத்தாயிரம் அடிக்கு மேல். அதற்கென்று தனி வரைபடம் உண்டு. அதை வாங்கிப் படிக்காமல் அந்தப் பக்கம் போகக் கூடாது. மற்ற தேசியப் பூங்காக்களின் மேலும் 2,000 அடிக்குக் கீழே பறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். கீழே நடந்து வந்து அமைதியை அனுபவிக்கிறவர்களும் விடுமுறைக்கு வந்தவர்கள்தானே?

பார்த்து முடித்ததும் தெற்கு விளிம்புக்கு அருகில் இருக்கும் விமான நிலையத்தில் இறங்கி, ஒரு ராத்திரி தங்கி, சூரியன் உதிப்பதை நின்று பார்ப்பதுதான் பொருத்தம். பறந்து பார்த்தது பாதி. நின்று பார்ப்பது மீதி.

கடலுக்கு நடுவில் ஒரு மலை உச்சி

கலிபோர்னியா வந்தபிறகு கடைசி ஆசை ஒன்று பலருக்கு இருக்கும்: கேட்டலினா தீவு. லாஸ் ஏஞ்சலஸ் கரையிலிருந்து தெரியும் இந்தத் தீவில், மலை உச்சியைச் சமப்படுத்திக் கட்டிய விமான நிலையம் 1,602 அடி உயரத்தில் இருக்கிறது. ஓடுபாதை நடுவில் மேடு தட்டியிருப்பதால், இறங்கும்போது அதன் மறுமுனை தெரியாது. பாதை முடிந்தே போய்விட்டது என்று புதியவர்கள் பதறிப்போய் பிரேக்கை அழுத்துவது உண்டு. முன்கூட்டியே படித்துவிட்டு வந்தவர்கள் பதறமாட்டார்கள்.

தீவுக்குப் போக முப்பது கிலோமீட்டருக்கும் மேல் கடலைக் கடக்க வேண்டும். இன்ஜின் நின்றால் செஸ்னா கல் மாதிரி விழாது. ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் கிலோமீட்டர் வீதம் மிதந்து இறங்கும். அதனால் கரையிலேயே சுற்றிச் சுற்றி உயரம் ஏறிக்கொண்டு, நடுக்கடலிலிருந்தும் ஏதாவதொரு கரைக்கு மிதந்து போக முடிகிற உயரத்தில்தான் கடப்பார்கள். உயிர்காக்கும் மேலாடை எல்லாரும் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். இருக்கைக்கு அடியில் இருந்தால் போதாது. அன்றைக்குக் கடல் மூட்டம் தீவை மூடியிருந்தால்? கரையில் இறங்கி ஒரு நாள் காத்திருக்கலாம். அதுவும் விலகாவிட்டால் கேட்டலினாவைப் பார்க்காமலே திரும்பலாம்.

இப்படிப் பார்க்காமல் விட்ட இடம் ஒன்றிரண்டு இல்லாமல் எந்தப் பயணமும் முடிவதில்லை. பட்டியலில் அடித்துவிட்ட பெயர்களைப் பார்த்துப் பிள்ளைகள் முகம் சுளிக்கலாம். தீவு எங்கும் போய்விடாது. அடுத்த கோடையிலும் அங்கேதான் இருக்கும்.

கடைசியாக ஒரு விஷயம். கிளம்புவதற்கு முன் எந்த வழியாக, எத்தனை மணிக்கு என்று பயணத் திட்டத்தைப் பதிவு செய்துவைப்பது வழக்கம். சேர்ந்ததும் தகவல் சொல்லி அதை முடித்துவைக்க வேண்டும். சொன்ன நேரத்துக்கு மேல் அரை மணி நேரம் ஆகியும் தகவல் வராவிட்டால் தேட ஆரம்பித்துவிடுவார்கள். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு என்று வீட்டு வாசலில் நின்று அம்மா சொல்லி அனுப்புவாரே, அதேதான். அந்த போனை ஒவ்வொரு ஊரிலும் மறக்காமல் போட்டுவிட்டுப் பிறகு பர்கர் கடையைத் தேடிப் போகலாம்.